படத்தில் அப்பா இல்லை

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் மேகம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது, அது அங்கேயே பத்திரமாக இருந்துவிட்டுப் போகட்டும். படத்தில் வானம் போட்டு மேகம் ஏற்றுவதில் அவளை மிஞ்ச அந்த மாடியில் ஆள் கிடையாது என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் இது. அவளும் அதை உதறவில்லை.

இன்னும் கட்டாத கட்டடங்களுக்குப் படம் போட்டுக் கொடுப்பதுதான் அவர்கள் கம்பெனியின் தொழில். ரயில் நிலையம், பேருந்து முனையம், மேம்பாலம், ஆஸ்பத்திரி என்று அரசாங்கத் துறைகள் எதைக் கட்டப்போவதாகச் சொன்னாலும், முடிந்தபின் அது எப்படி இருக்கும் என்று கணினியில் செய்து காட்ட வேண்டும். பொறியாளர்களிடமிருந்து வெறும் கோடுகளாக வரும். இவர்கள் அதற்குச் சுவர் எழுப்பி, கண்ணாடி பதித்து, வெயில் அடிக்க வைத்து, மரம் நட்டு, கடைசியில் ஆள் தூவி அனுப்புவார்கள். ஆள் தூவுவது என்றுதான் பேச்சு, ஏதோ சமையலில் உப்புத் தூவுவது மாதிரி. ஆள் இல்லாத கட்டடத்தைப் பார்த்தால் யாருக்கும் நாடு முன்னேறிய நினைப்பே வராதாம்.

அந்த ஆள் விஷயத்தில்தான் ஒருமுறை வம்பு வந்தது. விலைக்கு வாங்கி வைத்திருந்த ஆட்கள் அத்தனை பேரும் வெளிநாட்டுக்காரர்கள். கோட்டு போட்டவர்கள், தங்க நிறத் தலைமுடிக்காரிகள். அரைக்கால் சட்டையும் கையில் நாயுமாக ஒரு மனுஷன் இருந்தான். அவன் மூன்று பேருந்து நிலையங்களில் அடுத்தடுத்து நடந்துவிட்டான். கூட்டத்தில் ஒரு அதிகாரி படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இவங்கெல்லாம் யாருங்க? நம்ம ஜனங்க எங்க போயிட்டாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நாட்டின் எதிர்காலத்தில் நாட்டுக்காரன் ஒருத்தனைக்கூடக் காணோம்.

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மனிதர் சமாளிப்பதில் கெட்டிக்காரர். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஆள் அழைத்து வரவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில், பிறகு ஆளை மட்டும் வெட்டி எடுக்க வசதியாகப் பச்சைத் துணி கட்டி, அதற்கு முன்னால் மாமியார்களையும் மச்சினர்களையும் நடக்கவிட்டு, நிற்கவைத்து, போன் பேசவைத்துப் படம் பிடித்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலமும் உண்டு. மேகம் தன் அப்பாவை அழைத்துப் போனாள். அம்மா, "என்னை எதுக்குடி ஊரெல்லாம் நிறுத்தணும்?" என்று வரவே மறுத்துவிட்டாள்.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, தோளில் பை, மழமழவென்று சவரம் என்று மாப்பிள்ளை போலத்தான் வந்திருந்தார். "சாதாரணமா நடங்க சார்" என்று படம் பிடிக்கிறவன் சொல்லச் சொல்ல அவர் அணிவகுப்பில் போவது போல நடந்தார். காலமெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்த்தவருக்குச் சாதாரணமாக நடப்பது எப்படி என்று பிடிபடவில்லை. கடைசியில் அலுத்துப் போய் நின்று, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, "முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டாரே, அந்த நொடியில் விழுந்த படம்தான் பிரமாதமாக அமைந்தது. எதிரே மிகப் பெரிய ஏதோ ஒன்றைப் பார்த்து மலைத்து நிற்கிற முகம். அலுவலகத்தில் எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. எந்தக் கட்டடத்துக்கு முன்னால் அவரை நிறுத்தினாலும் கட்டடம் இன்னும் ஒரு சுற்று உயரமாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் அப்பா போகாத இடமில்லை. விமானத்தில் ஒருமுறைகூட ஏறாத மனிதர் இரண்டு விமான நிலையங்களில் நின்றார். ஆராய்ச்சிக் கூடத்தின் வாசலில் நின்றார். பெண்கள் கல்லூரி ஒன்றின் நடுமுற்றத்தில்கூட நின்றார், அதற்கு அம்மா ஒரு வாரம் அவரைக் கிண்டல் செய்தாள். நாளிதழில் பெரிய கட்டடம் எதன் படம் வந்தாலும் அப்பா முதலில் தன்னைத்தான் தேடுவார். படத்தின் அடியில் 'மாதிரிப் படம்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எழுத்துக்கு அவர் மூக்குக் கண்ணாடி போதாது. அதனால் அவரே ஒரு கணக்கு வைத்திருந்தார். தான் இருந்தால், "இது இன்னும் கட்டலை, நம்ம பொண்ணு போட்டது." தான் இல்லாவிட்டால், "இது கட்டியாச்சு." அந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட வேலை அநேகமாக இவர்கள் கம்பெனிக்கே வந்துகொண்டிருந்ததால் அவர் கணக்கு தப்பியதே இல்லை.

நாட்டைப் பற்றி அப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. "உலகத்துலயே" என்று ஆரம்பித்தாரானால் முடிக்க நேரம் பிடிக்கும். உலகத்துலயே நீளமானது, உலகத்துலயே வேகமானது, உலகத்துலயே மூணாவது. அவருக்கு ஈடு கொடுக்கவென்றே ஞாயிறுதோறும் வருவார் மாமா. அம்மாவின் தம்பி, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், எந்த ரோட்டில் எந்தக் குழி எவ்வளவு ஆழம் என்று தெரிந்தவர்.

"உலகத்துலயே பெரிய குழி எங்க ஆபீஸ் வாசல்லதான் இருக்கு அத்தான். அதுக்கும் ஒரு படம் போடச் சொல்லுங்க என் மருமகளை" என்பார். அப்பா எகிறுவார். இரண்டு பேரும் வாய்க்கு வந்தபடி பேசி, தேநீர் ஆறிப்போய், அம்மா வந்து அதட்டினால்தான் ஓய்வார்கள். அடுத்த ஞாயிறு மறுபடி முதலிலிருந்து.

மேகம் அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் நின்றதில்லை. ஆரம்பத்தில் அவள் அப்பா பக்கம்தான். வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாக ஒரு ரயில் நிலையத்துக்கு வானம் போட்டபோது கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. இதெல்லாம் நம்ம ஊர்ல வரப்போகுது என்று கூடப் படித்த தோழிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். அப்புறம் இருபது நிலையம், முப்பது நிலையம். எது எந்த ஊர் என்பதே மறந்துபோகும். அதே வெயில், அதே மரம், அதே அப்பா.

கட்டவே மாட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. அவள் படம் போட்ட நிலையம் ஒன்றை நிஜமாகவே கட்டி முடித்தார்கள். ஒருநாள் வேலை விஷயமாக அங்கே இறங்கினாள். நன்றாகத்தான் இருந்தது. நகரும் படிக்கட்டு நகர்ந்தது, தரை சுத்தமாக இருந்தது, ஒரு அம்மாள் தன் பையனிடம் கூரையைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டு போனாள். மேகம் ஓரமாக நின்று, பெருமை வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. மாதக்கணக்கில் திரையில் பார்த்துச் சலித்த ஒன்றை யாரோ எடுத்து உபயோகித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. மாமா மாதிரி திட்டவும் தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டுவிட்ட கன்னம் மாதிரி, தொட்டால் கை தொடுவது தெரிகிறது, கன்னம் இருப்பது தெரியவில்லை. பெருமைப்படுகிற அப்பாவைப் பார்த்தாலும் அவளுக்குப் பொறாமை, திட்டுகிற மாமாவைப் பார்த்தாலும் பொறாமை.

அந்தச் சமயத்தில்தான் பாலம் வந்தது.

இந்தப் பாலத்தைப் பற்றி அப்பாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். அவர் ஓட்டிய தடத்தில் ஆறு ஒன்று குறுக்கே வரும். இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர்களின் குடை நிறம்கூடத் தெரியும். ஆனால் அங்கே போக, அணைக்கட்டு வரை போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். புதிதாக ஏறுகிறவர்கள் எல்லோரும், "அதோ தெரியுதே, அங்க போகவா இவ்வளவு நேரம்?" என்று கேட்பார்கள். "பாலம் வருதுங்க. வந்துட்டா ஒரே மிதி, அந்தக் கரை" என்பார் அப்பா. வேலைக்குச் சேர்ந்த வருஷம் சொல்ல ஆரம்பித்தார். ஓய்வு பெறுகிற அன்றைக்கும் அதையேதான் சொல்லிவிட்டு இறங்கினார். நடுவில் தூண்கள் மட்டும் எழும்பி நின்றன.

முதலாளி மேகத்தைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு வேலையைச் சொன்னார். "இது வழக்கமான படம் இல்லை. துறையோட சாதனை விழாவுக்கு வேணும். போட்டோ மாதிரி இருக்கணும்."

"எல்லாமே போட்டோ மாதிரிதானே சார் இருக்கு?"

"அப்படி இல்லம்மா. போட்டோன்னே நம்பணும். கீழே மாதிரிப் படம்னு எழுத வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எப்படியும் கட்டத்தானே போறாங்க, விழா முந்திக்கிச்சு, அவ்வளவுதான். அப்புறம், நம்ம வீட்டு ஆளுங்க யாரையும் தூவாதே. யாராவது அடையாளம் கண்டுபிடிச்சா அசிங்கம். முகம் தெரியாம முதுகா நாலு போடு, போதும்."

அவள் சரி என்றாள். ஏன் என்று கேட்டிருக்கலாம், மாட்டேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். இரண்டும் அந்த நேரத்தில் வாய் வரைக்கும்கூட வரவில்லை.

ஒரு படத்தை போட்டோவாக்குவது எப்படி என்று அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அழகைக் குறைக்க வேண்டும், அழுக்கைக் கூட்ட வேண்டும். மேகம் வானத்தின் நீலத்தை வெளுக்க வைத்தாள். தன் பேர் போன மேகங்களை எடுத்துவிட்டு மந்தமாக ஒரு புழுக்கத்தைப் போட்டாள். கைப்பிடிச் சுவரில் மழைநீர் வழிந்த கறை, ஓரத்தில் ஒதுங்கிய மண், வண்டிச் சக்கரத்தின் தடம். பாலத்தின் நடுவே, எந்த வண்டியோ நின்று ஒழுகவிட்டது போல எண்ணெய்க் கறை ஒன்று. அந்தக் கறைக்கு மட்டும் ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. செய்து முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே அது எப்போதோ கடந்து போன பாலமாகத் தோன்றியது. வேலையில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது, அதை மறைப்பானேன்.

படம் நாளிதழில் முழுப் பக்கம் வந்தது. 'இதோ உங்கள் பாலம்' என்று கொட்டை எழுத்து. அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் அப்பா பேப்பரைத் தரையில் விரித்துப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிக்கொண்டிருந்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், நடந்து போகிற முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்னைக் காணோமேம்மா" என்றார். குரலில் லேசான ஏமாற்றம்தான். நம்ம தடத்துப் பாலத்தில் நம்மை விட்டுவிட்டாளே என்று.

அப்புறம் விரலைப் பேப்பரில் வைத்தபடியே நிமிர்ந்தார்.

"நான் இல்லைன்னா... கட்டிட்டாங்களா?"

அவள் வாயில் பற்பசை நுரை. துப்பிவிட்டுச் சொல்ல எவ்வளவு நேரமாகும். தலையை ஒரு மாதிரி ஆட்டினாள். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், எனக்கென்ன தெரியும் என்றும் வைத்துக்கொள்ளலாம். அப்பா ஆமாம் என்று வைத்துக்கொண்டார். மொட்டை மாடியில் தற்செயலாக விழுந்த அந்த முகம், இத்தனை வருஷமாகப் படத்தில் மட்டுமே இருந்த முகம், கூடத்தில் நிஜமாகவே அவருக்கு வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது என்றுதான் அவள் பேசாமல் இருந்தாள் என்று சொல்லலாம். ஆனால் அவளைக் கேட்டால், உள்ளே எதுவுமே அசையவில்லை, அதனால்தான் சொல்லவில்லை என்பாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

"பாரு, அதுக்குள்ள எண்ணெய் ஒழுகவிட்டிருக்கானுங்க" என்று அப்பா அந்தக் கறையைத் தட்டினார். "எந்த டிப்போ வண்டியோ. கேஸ்கெட் போயிருக்கும். புதுப் பாலம்னு ஒரு மரியாதை வேண்டாமா?"

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். பேப்பரைப் பார்த்தார். "அத்தான், நம்ம வண்டி ஒண்ணு, ரெண்டு மாசம் முந்திதான் அந்தப் பக்கம் போச்சு. தூணுதான் நிக்குதுன்னான் டிரைவர்."

"ரெண்டு மாசத்துல உலகத்துலயே என்னென்னமோ கட்டிடறாங்க மாப்ளே. நீ இன்னும் குழியிலயே கிட."

"பேப்பர்ல வர்றதெல்லாம் நிஜமா? உங்க பொண்ணு போட்ட படமா இருக்கும்."

"என் பொண்ணு போட்டிருந்தா நான் இருந்திருப்பேன்." அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "வர்ற சனிக்கிழமை ரெண்டு பேரும் போவோம். பாலம் இருந்தா, இனிமே என் வீட்டுல உட்கார்ந்து நாட்டைப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா நீ இத்தனை வருஷமா சொன்னதை எல்லாம் ஒத்துக்கறேன். அத்தனையும்."

மாமாவுக்குக் கொண்டாட்டம். அக்காவைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்துக்கொண்டார். மேகம் தேநீர்த் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் முழுக்க வாக்கியம் ஒன்று அவள் தொண்டையில் உட்கார்ந்திருந்தது. அப்பா, அது நான் போட்டது. நான்கே சொற்கள். காலையில் அவர் செருப்புக்குத் தையல் போட்டு வந்தபோது சொல்லியிருக்கலாம். பழைய சகா ஒருவருக்குப் போன் போட்டு, "ஒரே மிதியாம்ப்பா, அந்தக் கரை" என்று சிரித்துக்கொண்டிருந்தபோது சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, "கொஞ்ச நாள் கழிச்சுப் போங்களேன்ப்பா. இப்பக் கூட்டமா இருக்கும்" என்றாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

"கூட்டம் இருந்தாத்தாம்மா பாலம்" என்றார் அப்பா.

சனிக்கிழமை அவளுக்கு வேலை இருந்தது. ஒரு ஆஸ்பத்திரிக்கு வானம் போட்டாள். நோயாளிகளுக்கு நம்பிக்கை வரவேண்டும், அதனால் பளிச்சென்று போடச் சொல்லியிருந்தார்கள். போனை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தாள், அப்புறம் நிமிர்த்தி வைத்தாள். மதியம் தாண்டியும் அது அடிக்கவில்லை. இந்நேரம் பார்த்திருப்பார். மாமா கைகொட்டிச் சிரித்திருப்பார். அப்பாவின் சட்டாம்பிள்ளைத்தனமெல்லாம் ஒரே நாளில் ஒழிந்து, வரப்போகிற ஞாயிறுகளிலெல்லாம் அவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இருந்தது அந்த ஒரு பெருமை, அதுவும் மகள் கையாலேயே போயிற்று. இதையெல்லாம் அவள் யாருக்கோ நடப்பது போல வரிசையாக நினைத்தாள். நினைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு மேலே இரண்டு மேகங்களைச் சேர்த்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர்களும் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

"என்னங்க, இருந்துதா இல்லையா? வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

அப்பா தோள்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பி நின்று சொல்ல ஆரம்பித்தார்.

"இருக்காம எங்க போகும்? ஜம்முனு இருக்கு. நாலு வண்டி ஒண்ணா போகலாம். ரெண்டு பக்கமும் நடக்கிறதுக்குத் தனியா மேடை. காத்து அப்படியே ஆளைத் தூக்குது. கைப்பிடிச் சுவர்லதான் அதுக்குள்ள தண்ணி வழிஞ்சு கறையாயிருக்கு, சுண்ணாம்பு அடிச்சாச் சரியாப் போயிடும்."

கதவோரம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மேகம் அப்படியே நின்றாள். அவர் சொன்னது அத்தனையும் அவள் போட்டது. நாலு வண்டி அகலம், இரண்டு பக்க மேடை, சுவரின் கறை எல்லாம் அவள் படத்திலிருந்து ஒன்று விடாமல் வந்துகொண்டிருந்தன. பேப்பரை எத்தனை தடவை பார்த்திருந்தால் இப்படி வரும்.

அம்மா தம்பியிடம் திரும்பினாள். "என்னடா, நீ என்ன வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கே? தோத்துட்டியா?"

இப்போது வரும், என்று மேகம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஜெயித்த மனிதன், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஜெயித்த மனிதன், சும்மா விடுவாரா. மாமா நாற்காலியில் கையை ஊன்றி மெதுவாக எழுந்தார். அவளைப் பார்க்கவில்லை. அத்தானையும் பார்க்கவில்லை.

"குறை சொல்ல ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் கட்டியிருக்கான்" என்றார். "நான் கிளம்பறேன், ஆபீஸ்ல லோடு வந்திருக்கும்."

தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவர் அந்த வீட்டில் தேநீர் குடிக்காமல் கிளம்பி அம்மா பார்த்ததில்லை. "தோத்ததும் ரோஷத்தைப் பாரு" என்று சிரித்தாள். பிறகு, "என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போங்க. நானும் எத்தனை வருஷமா அந்தப் பாலத்தைப் பத்திக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

"போகலாம்" என்றார் அப்பா. "கூட்டம் கொஞ்சம் குறையட்டும்."

பின்கட்டில் குழாயடியில் அவர் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது மேகம் போய் நின்றாள். செருப்பு முழுக்க ஆற்றுச் சேறு, புதுத் தையலுக்குள்ளெல்லாம் ஏறியிருந்தது. பாலத்தின் மேல் நடந்தவருக்கு எங்கிருந்து சேறு வரும். அம்மா அதைக் கவனிக்கவில்லை.

"நான் சொல்லியிருக்கணும்ப்பா."

அப்பா குச்சியால் சேற்றைச் சுரண்டினார். "நீ போட்டதுதானா? நான் நினைச்சேன், வேற யாராவதோன்னு." செருப்பைத் திருப்பிக் குழாயில் காட்டினார். "நல்லா வந்திருக்கும்மா. அந்த எண்ணெய்க் கறைதான் என்னை ஏமாத்திடுச்சு. அதை மட்டும் என்னால நம்பாம இருக்க முடியலை."

"மாமா ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலை. தூணையே பார்த்துக்கிட்டு நின்னான். வாங்க அத்தான் போகலாம்னு தோளைத் தொட்டான். அவ்வளவுதான்."

அவர் ஒரு செருப்பை முடித்துச் சுவரில் சாய்த்து வைத்தார். மற்றதை எடுத்தார். அது கையிலேயே இருந்தது.

"நாங்க கிளம்பும்போது ஒரு கார் வந்துச்சு. குடும்பமா வந்திருந்தாங்க. சின்னப் பொண்ணு ஒண்ணு, கையில பேப்பரை மடிச்சு வெச்சிருக்கு. உன் படம். இறங்கி வந்து, தாத்தா, இந்தப் பாலம் எங்க இருக்குன்னு கேட்டுச்சு. உன் மாமா வாயைத் திறந்தான். நான் முந்திக்கிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"இது பழைய இடம்மா, புதுப் பாலம் அணைக்கட்டுக்கு அந்தப் பக்கம், சுத்திக்கிட்டுப் போகணும்னு சொன்னேன். எங்க திரும்பணும், எந்த முக்குல இடது பக்கம், எல்லாம் விவரமாச் சொன்னேன். நன்றிங்க தாத்தான்னு சொல்லிட்டுப் போனாங்க." அப்பா குழாயை மூடினார். "வேலையில இருந்த வரைக்கும் வழி கேட்டவங்களுக்குத் தெரியலைன்னாவது சொல்லியிருக்கேன். தப்பா ஒருத்தருக்குச் சொன்னதில்லை. பெட்ரோலை எரிச்சுக்கிட்டு அந்த ரோட்டுல இந்நேரம் எங்க தேடுறாங்களோ."

மேகத்துக்கு அழுகை வரும்போல இருந்தது, வந்தால் தேவலை என்றும் இருந்தது. காத்துக்கொண்டு நின்றாள், வரவில்லை. அவள் செய்த பாலத்துக்கு வழி சொல்ல அப்பாவை அனுப்பி வைத்தாயிற்று, இனி அதைத் திருப்பி எடுக்க முடியாது என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ஏங்க, அந்தப் பாலத்துல விளக்கெல்லாம் இருக்கா? இருட்டினப்புறம் போனா தெரியுமா?"

அப்பா வாயைத் திறந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் மகளைப் பார்த்தார். படத்தில் இருந்தது பகல், விளக்கை அவர் கவனித்திருக்கவில்லை.

"இருக்கும்மா" என்றாள் மேகம். "ரெண்டு பக்கமும் இருக்கு. நல்லாத் தெரியும்."